செப்புத் தகடும் ஆறு கிராமும்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன மின்தராசைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எண்கள் தாறுமாறாக ஓடும், விளக்கு மினுக்கும், பீப் அடிக்கும். பசித்த பிள்ளை மாதிரி தானே ஊரைக் கூட்டிவிடும். பயப்பட வேண்டியது, ஆடாமல் அசையாமல் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு, அந்த எண் தப்பாகவும் இருக்கிற தராசுக்குத்தான்.

சர்க்யூட் படமெல்லாம் ஆபீஸில் போட்டுக் காட்டியிருப்பார்கள். எடைச் சிக்னலின் மின்சாரம் திரும்புகிற அனலாக் கிரவுண்டையும், எண் காட்டுகிற பக்கத்து மின்சாரம் திரும்புகிற டிஜிட்டல் கிரவுண்டையும் பிரித்து வை, இரண்டையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேர், அது கன்வர்ட்டர் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார்கள். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான். அது மறக்க முடியாத பாடமாக ஆனது, நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. விருதுநகரில் நான் காலைச் சாப்பாட்டை முடிக்கும் முன்பே ஆலை முதலாளியிடமிருந்து போன் வந்தது. "பாய், நம்ம நிறுவை ரூம் தராசை ஒரு தரம் பாத்துட்டுப் போயிருங்க. சரியா இருக்குன்னு உங்க வாயால சொல்லிட்டாப் போதும்" என்றார். சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லவில்லை. சரியாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். போனில் கேட்ட அந்த வித்தியாசம் ஆலைக்குப் போனதும் புரிந்தது.

நிறுவை அறை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் குருவம்மாள், நாற்பது வயதிருக்கும். அந்த ஆலையில் வெடிமருந்துச் சரக்குகளை எடை போட்டுக் கொடுப்பவர் அவர்தான். முந்தின நாள் அவர் நிறுத்துக் கொடுத்த சரக்கைக் கலவை அறையில் கலக்கும்போது தட்டு சூடேறியிருக்கிறது. கலந்துகொண்டிருந்த பெண் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட, அக்கம்பக்கத்து அறைகளிலிருந்தும் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். நல்ல வேளை, தட்டு தானாகவே ஆறிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஊரில் அப்படி ஓடுவது எத்தனை பேருக்கு எதையெல்லாம் ஞாபகப்படுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

போர்மேன் என்னிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "நிறுவையிலதான் பிசகு, பாய். இந்தம்மா அவசரத்துல கூடப் போட்டிருக்கு. தராசு சரின்னு நீங்க சொல்லிட்டா, புதுசா வந்த பிள்ளை ஒண்ணு இருக்கு, அதை உக்கார வச்சிருவோம். இந்தம்மா எந்திரிக்க மாட்டேங்குது."

குருவம்மாள் எழுந்திருக்காமலே சொன்னார்: "எந்திரிச்சா நான்தான் தப்பாப் போட்டேன்னு ஆயிரும். அப்புறம் இந்தச் சுத்துப்பட்டுல ஒரு ஆலையில என்னைச் சேப்பாகளா? அது கூடக் கெடக்கட்டும் பாய். நேத்து அந்தத் தட்டைக் கலக்குனது யாருன்னு கேளுங்க. என் தங்கச்சி ராமலட்சுமி. நான் நிறுத்துக் குடுக்குறதை அவதான் கலக்குறா. அவ கைக்குப் போறதை நான் கண்ணை மூடிக்கிட்டாப் போடுவேன்?"

இரக்கத்தை வைத்துத் தராசு பார்க்க முடியாது. வேலையை ஆரம்பித்தேன்.

அந்த அமைப்பை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மருந்து இருக்கிற அறைக்குள் மின்சாரம் கிடையாது. உள்ளே எடைத் தட்டும் அதனடியில் எடையை உணர்கிற லோடு செல்லும் மட்டும்தான். அதிலிருந்து ஒரு கேபிள் சுவரைத் துளைத்து வெளி வராந்தாவுக்கு வந்து, அங்கே இருக்கிற இண்டிகேட்டர் பெட்டிக்குள் போகும். லோடு செல் தருகிற கண்ணுக்குத் தெரியாத அளவு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் கன்வர்ட்டர் சிப் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எண் தெரிய வேண்டுமே? அதற்காகக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே சிவப்பு விளக்கில் எரியும் பெரிய டிஸ்ப்ளே ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

மருந்தையெல்லாம் குடோனுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த செப்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போனேன். பட்டாசு ஆலைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உடம்பில் சேர்ந்திருக்கிற மின்னூட்டம் பூமிக்குள் இறங்கிவிட, உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் வாசலில் எர்த் செய்த தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தகடு உள்ளங்கைகள் பட்டுப் பட்டுத் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. போர்மேன் இரண்டு முறை தொட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் என்று பிறகு சொன்னார்கள்.

முத்திரை போட்ட என் எடைக் கற்களை வைத்தேன். ஒரு கிலோ, சரி. இரண்டு கிலோ, சரி. ஐந்து கிலோ, சரி. எடுத்தால் பூஜ்யம். மறுபடி வைத்தேன், மறுபடி சரி. நூல் பிசகவில்லை.

"பாத்தீகளா?" என்றார் போர்மேன். அவர் குரலில் சந்தோஷம் கூட இல்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது. பாவம், அவருக்கும் காரணம் ஒன்று வேண்டியிருந்தது.

நான் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டேன். அப்போது வாசலிலிருந்து குருவம்மாள் கத்தினார். கோபத்தில் குரல் உடைந்திருந்தது. "பாய், இந்த இரும்புக் கட்டியவா நாங்க கலக்குறோம்? முழுக் கிலோவா எந்தச் சரக்கும் வாறதில்லை. நாங்க போடுற எடையில வச்சுப் பாத்துட்டுப் போங்க!"

கோபத்தில் சொன்னாலும் கேட்டது நியாயம். முழு எண்ணில் சரியாக இருக்கிற தராசு இடைப்பட்ட எண்ணிலும் சரியாக இருக்கும் என்றுதான் நம் கணக்கு. அந்தக் கணக்கின் மேல்தான் நாம் சோதனையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறுகிறோம். நேற்றைய தட்டுக்கு எந்த எடை என்று கேட்டேன். ஒரு கிலோ நூற்றுப் பதினேழு கிராம் என்றார் போர்மேன். ஒரு கிலோ கல்லோடு சின்னக் கற்களைச் சேர்த்து அதே எடையை வைத்தேன்.

1.111.

அசையவில்லை. மினுக்கவில்லை. ஆறு கிராம் குறைத்துக் காட்டிவிட்டு, யோக்கியன் மாதிரி நின்றது. அப்படியானால் நேற்றுக் குருவம்மாள் 1.117 என்று தெரிகிற வரைக்கும் சரக்கைப் போட்டிருப்பார். ஆறு கிராம் கூடப் போயிருக்கும். கூடப் போட்டது அவர் கை. போட வைத்தது தராசு.

வராந்தாவுக்கு வந்து ஆபீஸுக்குப் போன் செய்தேன். மேலதிகாரி ரொம்பக் கெட்டிக்காரர். "அந்த எடையிலேயே காலிபரேட் பண்ணிட்டு வந்துருங்க. சாத்தூர்ல இன்னொரு கம்ப்ளைண்ட் நிக்குது" என்றார். செய்திருக்கலாம். நாலு பட்டனை அமுக்கினால் 1.117 என்று அழகாகக் காட்டும். வேறு எங்கே பொய் சொல்லும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமல் காலிபரேட் செய்வது, கடிகாரம் ஓடாததைப் பார்த்து முள்ளைக் கையால் நகர்த்திவிட்டுப் போகிற மாதிரி. "சாத்தூர் நிக்கட்டும் சார்" என்று சொல்லி போனை வைத்தேன்.

காரணம் எங்கே என்று யோசித்தபடியே, டிஸ்ப்ளேக்குப் போகிற கேபிளை ஆட்டிப் பார்க்கலாம் என்று கழற்றினேன். பெரிய சிவப்பு எண்கள் அணைந்தன. அதே நொடியில் இண்டிகேட்டர் பெட்டியில் இருக்கும் சின்ன எண் குதித்தது. தட்டில் எடையை யாரும் தொடவில்லை. டிஸ்ப்ளே இல்லாமலே பூஜ்யம் வைத்து, கற்களைத் திரும்ப வைத்தேன். 1.117. முழுக் கிலோ வைத்தேன், சரி. எந்த எடையை வைத்தாலும் சரி.

தராசு எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அந்த எண்ணே எடையைக் கெடுத்துக்கொண்டிருந்தது!

எப்படி என்று கேளுங்கள். சிவப்பு விளக்கில் ஒன்று என்று காட்ட இரண்டு கோடுகள் எரிந்தால் போதும். பூஜ்யத்துக்கு ஆறு, எட்டுக்கு ஏழு. கோடு கூடினால் மின்சாரம் கூட ஓடும். அந்த மின்சாரம் டிஜிட்டல் கிரவுண்ட் வழியே வீடு திரும்ப வேண்டும். தெருவில் ஒரே குழாய் லைனில் இரண்டு வீடு இருந்தால், மேல் வீட்டுக்காரர் குழாயைத் திறந்ததும் கீழ் வீட்டில் தண்ணீர் இளைக்குமே, அந்தக் கதைதான். டிஸ்ப்ளேயின் மின்சாரம் லோடு செல்லின் அமைதியான கிரவுண்டில் புகுந்து போனால், அந்த நூலிழைச் சிக்னல் இடம் மாறிவிடும். பூஜ்யத்திலும் முழுக் கிலோவிலும் திரையில் பூஜ்யங்களாகவே நிற்கும், ஓடுகிற மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிழையும் ஒன்றுதான், அது பூஜ்யம் வைக்கும்போதே கழிந்துவிடும். ஒன்றும் ஏழுமாக வருகிற எடையில் திரை மங்கும், கழிந்த பிழை பாக்கியாகத் திரும்பும். நம்முடைய கல்லெல்லாம் முழு எண். சோதனையில் எப்படிச் சிக்கும்?

பெட்டியைத் திறந்தேன். போர்டில் குறை இல்லை. இரண்டு கிரவுண்டும் பிரிந்து வந்து சிப்புக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. அப்படியானால் வெளியே எங்கோ இன்னொரு இடத்திலும் சேர்ந்திருக்க வேண்டும். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். டிஸ்ப்ளே பெட்டியிலிருந்து புத்தம்புதுப் பச்சை வயர் ஒன்று செப்புத் தகட்டுக்குப் போயிருந்தது. உள்ளே எடைத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால், கேபிளைச் சுற்றி, வெளிச் சலனம் உள்ளே புகாமல் தடுக்கிற ஷீல்டு வலையை உரித்து, முறுக்கி, தட்டைப் பூமியோடு இணைக்கிற எர்த் பட்டையோடு ஒரே போல்ட்டில் வைத்து இறுக்கியிருந்தார்கள். அந்த வலையின் மறுமுனை போர்டில் அனலாக் கிரவுண்டில் இருக்கிறது. ஆக, டிஸ்ப்ளே மின்சாரத்துக்குச் செப்புத் தகடு, எர்த் பட்டை, ஷீல்டு வலை என்று ராஜபாட்டை போட்டுக் கொடுத்தாயிற்று.

"இது யார் போட்டது?" என்றேன்.

போர்மேன் நிமிர்ந்து நின்றார். "நான்தான் எலக்ட்ரீசியனை வச்சுப் போட்டேன், பாய். போன மாசம் ஆய்வுக்கு வந்தவுக எர்த் எர்த்துன்னு கேட்டாக. இங்கன எர்த் இல்லாத இரும்பு ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு, விட்டுப்போன இடமெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டுட்டோம்."

என்னால் கோபப்பட முடியவில்லை. வேறு ஊரில் எர்த் போடாமல் விட்டுக் கெடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் மட்டும்தான் அக்கறையாக ஒன்று கூடுதலாகப் போட்டுக் கெடுக்க முடியும். அந்த வலையை அங்கே கட்டக் கூடாது, எடுத்துவிட வேண்டும் என்றேன்.

போர்மேன் குறுக்கே வந்து நின்றார். "எர்த்தை அவுக்கவா சொல்றீக? பாய், பெரிய மனுசன் நீங்க, இப்படிச் சொல்லலாமா? வெடிச்சுத் தெறிச்ச ரூமுக்குள்ள போய் ஆளைத் தூக்கினவன் நான். என் உசுரு இருக்க அந்த போல்ட்டை அவுக்க விட மாட்டேன்."

இதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவருக்கு எதிர்ப்பக்கத்து அவசரம். "சாயங்காலம் லோடு ஏத்தணும், பாய். அந்த போல்ட்டை அவுத்துப் போட்டா எடை சரியா வருமா, வராதா? அதைச் சொல்லுங்க."

"வரும் அண்ணாச்சி."

"அப்ப அவுத்துட்டுக் கெளம்புங்க."

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் எதையும் அவிழ்க்காதே என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் அவிழ் என்கிறார். போல்ட்டை மொத்தமாக அவிழ்த்தால் எண் சரியாகிவிடும், எனக்கும் சர்வீஸ் சீட்டில் கையெழுத்துக் கிடைத்துவிடும். ஆனால் எடைத் தட்டின் இரும்பு பூமியோடு தொடர்பு அறுந்து நிற்கும். அதன் மேல் குருவம்மாள் மருந்து கொட்டுவார். எடை சுத்தமாக இருக்கும். என்றைக்காவது ஒரு பொறி கிளம்பும். அளவைக் காப்பாற்ற ஆளைக் கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

நான் சொன்னேன்: "அண்ணாச்சி, அந்த போல்ட்டுல ரெண்டு விஷயம் இருக்கு. பட்டை ஆளைக் காப்பாத்துறது, அது இருந்தே ஆகணும். வலை எடையைக் காப்பாத்துறது, அது வெளிப்பக்கம் பெட்டியில மட்டும்தான் சேரணும், இங்கன சேரக் கூடாது. ரெண்டையும் பிரிக்கிறதுக்கு இந்த அறை காலியா இருக்கணும், தரை ஈரமா இருக்கணும், பக்கத்து அறையில யாரும் மருந்தைத் தொடக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் நிறுவை கெடையாது."

"சீசன்ல சாயங்காலம் வரைக்குமா? வெளையாடுறீகளா பாய்? வேற கம்பெனி ஆளைக் கூப்பிட்டா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவான்."

"கூப்பிடுங்க. அவன் வாற வரைக்கும் இந்தத் தராசு தப்புன்னு நான் சொல்லியாச்சு. அது போர்மேன் காதுலயும் விழுந்துருச்சு."

அந்த முதலாளி எங்கள் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கொடுப்பவர். ஆனால் இண்டிகேட்டர் பெட்டியின் மூடியை நான் கையிலேயே வைத்துக்கொண்டேன், மாட்டவில்லை. அவர் என்னைப் பார்த்தார், போர்மேனைப் பார்த்தார். ஆச்சரியமாக, போர்மேன்தான் முதலில் வாயைத் திறந்தார். "வேலையை நிறுத்திருவோம் மொதலாளி. பட்டையை விட மாட்டேன்னு பாய் சொல்லிட்டாருல்ல. பெறகு என்ன?" முதலாளி திரும்பிப் போய்விட்டார். அவர் போனதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

தரையைக் கழுவினார்கள். பக்கத்து அறைகளைக் காலி செய்தார்கள். நான் போல்ட்டை அவிழ்க்கும்போது போர்மேன் வெளியே போகவில்லை. என் தோள் உரச உட்கார்ந்து எர்த் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வலையை மட்டும் உருவி எடுத்து, வெட்டி, எதையும் தொடாதபடி உறை போட்டு மூடினேன். பட்டையைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி, அதே போல்ட்டில் முன்னைவிட இறுக்கினோம். தட்டிலிருந்து பூமிக்குத் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் அளந்து அவரிடமே முள்ளைக் காட்டினேன். அப்புறம் டிஸ்ப்ளேயை மாட்டி, கற்களை வைத்தேன். 1.117. அடுத்து எட்டும் ஒன்றும் பூஜ்யமுமாக வரும்படி எல்லாவிதமாகவும் வைத்துப் பார்த்தேன். வைத்ததையே காட்டியது.

அதோடு விட்டிருந்தால் பாதி வேலை. அடுத்த ஆய்வுக்கு முன்னால் இன்னொரு நல்ல மனுஷன் அக்கறையாக இன்னொரு வயரைக் கட்டுவான். அதனால் அடுத்த நாள் காலையில் விருதுநகரிலிருந்து ஒரு ஐசொலேட்டர் கார்டு கொண்டு வந்து போர்டுக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவில் போட்டேன், டிஸ்ப்ளேக்குத் தனி சப்ளையும் கொடுத்தேன். அந்தக் கார்டில் இந்தப் பக்கத்துக் கம்பி அந்தப் பக்கத்துக் கம்பியைத் தொடவே தொடாது. எண் மட்டும் ஒரு சின்ன வெளிச்சமாகத் தாண்டிப் போகும். இனி டிஸ்ப்ளேயை யார் எதோடு கட்டினாலும் அதன் மின்சாரம் எடைப் பக்கம் வர வழியில்லை. ஆட்களின் அக்கறையையும் தாங்குகிற மாதிரி வேலை செய்ய வேண்டும், அவசரத்தை மட்டும் தாங்கினால் போதாது.

முதலாளி வந்து பார்த்தார். முந்தாநாள் சூடேறியதற்கு இந்த ஆறு கிராம்தான் காரணமா என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி, மருந்து தெரிஞ்சவுகளைக் கேளுங்க. தராசு தப்பு, அந்தம்மா கை தப்பில்லை. அது எனக்குத் தெரியும்" என்றேன். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லாதீர்கள், தெரிந்ததில் ஒரு சொல்லைக்கூட விழுங்காதீர்கள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, போர்மேனிடம் வேறொன்று கேட்டார். "அப்ப இனிமே யாரு உக்காந்து நிறுத்தாலும் சரியா வரும்ல? அந்தப் புதுப் பிள்ளையையே உக்கார வச்சிரு. இந்தம்மா பேக்கிங்குக்குப் போகட்டும். நேத்து எம்புட்டுப் பேச்சு!"

போர்மேன் என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக வாசலை விட்டு நகராத குருவம்மாள் அப்போதுதான் எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சத்தம் போடாமல், நேராக முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"சரியா வாறப்ப யாரு வேணா நிறுக்கலாம், மொதலாளி. தப்பா வாறப்ப எந்திரிக்காம உக்காந்திருக்க ஒரு ஆளு வேணும்ல?"

முதலாளி போர்மேனைப் பார்த்து, "சரக்கைக் கொண்டாரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். குருவம்மாள் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ராமலட்சுமி தட்டோடு வந்தாள். வாசலில் நின்று தகட்டைத் தொட்டாள், ஜன்னலுக்கு வெளியே எரிந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரக்கை வாங்கிக்கொண்டு போனாள்.